பன்னிரண்டில் ஒன்று

ஜூலை 7, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்கு நான் வேலை பார்க்கும் லேபில் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. இத்தனை மாதம் சும்மா கிடந்தது. பேச ஆளில்லாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாள் முழுக்க மௌஸ் பிடித்தே என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது. அதைச் சரிசெய்யத்தான்.

நாமக்கல் ஹாஸ்டலிலிருந்து அஜின் பேசினான். நீட் எழுதி மார்க் போதாமல் போனதால் இன்னொரு வருடம் படிக்கச் சேர்த்திருக்கிறோம். அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்க.

"சாப்பிட்டியா மக்களே?"

"ம்."

"சாப்பாடு நல்லாருக்கா?"

"ம்."

"டெஸ்ட்ல எவ்வளவு?"

எவ்வளவு என்று சொன்னான். வைத்துவிட்டான். பெற்ற தாயிடம் பேச இவனுக்கு ஒரே ஓர் எழுத்து போதும்போல.

பிறகு மஸ்கட்டிலிருந்து அவர் கூப்பிட்டார். அவரும் மார்க்கைத்தான் கேட்டார். அப்புறம், "லில்லி, அந்தக் கம்ப்யூட்டர வித்துத் தொலச்சிரு. லீவுக்கு வந்தாலும் அவன் அதுலதான் போய் விழுவான்" என்றார். சரி என்றேன். நியாயம்தானே.

ஜூலை 9, செவ்வாய்

கம்ப்யூட்டரை வாங்க வருகிறவர் ஓடுகிறதா என்று பார்ப்பாரே. அதற்காகத்தான் போட்டேன். அஜின் பூட்டு எதுவும் வைக்கவில்லை. திரையில் அவன் செய்துகொண்டிருந்த ஒரு கோடரி பாதியில் நின்றது. பிடி இருக்கிறது, அலகின் ஒரு பக்கம் இல்லை.

எனக்கு வேலை பல் செய்வது. மார்த்தாண்டத்தில் ஒரு டென்டல் லேபில் கம்ப்யூட்டரில் பல் கேப் வடிவமைக்கிறேன். டாக்டர் ஸ்கேன் அனுப்புவார், பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற மாதிரி நான் ஒரு பல்லை உருவாக்குவேன். அதனால் ஒரு பொருளைப் பார்த்தால் செய்தவன் கை எப்படி என்று ஓரளவு தெரியும். இந்தக் கோடரி மோசமில்லை. இவ்வளவு பொறுமை இவனிடம் இருந்திருக்கிறது. பிசிக்ஸ் புத்தகத்துக்கு முன்னால் மட்டும் எங்கே போனது?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு பெட்டி எழுந்தது. 'போண்டா' என்று ஒருவன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறான். "மச்சி, உயிரோட இருக்கியாடா?"

பையன்கள் பேசுகிற லட்சணம். மூடிவிடலாம் என்றுதான் போனேன். அதற்குள் அடுத்தது வந்தது: "ஒரு மாசமா தேடுறேன். வரிசைக்குக் கோடரி தரேன்னியே, என்னாச்சு?"

"இருக்கேன். தரேன்" என்று அடித்துவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்ற பெயர் என் மகனுக்கு வேண்டாம். வேறொன்றுமில்லை.

ஜூலை 11, வியாழன்

இந்த விளையாட்டின் பெயர் டஸ்க்ஹார்பர். எனக்கு வாயில் நுழையவில்லை. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. விளையாடியவர்கள் விடவில்லை, புதுப்புது ஆயுதங்களைத் தாங்களே செய்து சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தெந்த ஊர்களிலிருந்தோ ஆட்கள். நம்மாட்கள் ஐந்தாறு பேர்.

ஆனால் லேசில் சேர்த்துவிட முடியாது. வாராவாரம் 'வரிசை' என்று ஒரு பரீட்சை வைக்கிறார்கள். விளையாட்டில் முதலிலிருந்தே இருக்கிற ஆயுதங்கள் பதினொன்று, நாம் செய்தது ஒன்று, எல்லாவற்றையும் கலந்து ஒரே படமாகப் போடுவார்கள். எது போலி என்று எல்லோரும் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலானோரை ஏமாற்றிவிட்டால் நம் ஆயுதம் உள்ளே. மாட்டிக்கொண்டால் வெளியே.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே நான் பதினைந்து வருடமாகச் செய்கிறேன். வாயைத் திறந்து சிரித்தால் எது கட்டின பல் என்று தெரியக்கூடாது.

கம்ப்யூட்டர் கேட்டு வந்தவரிடம் அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். விலை கட்டுபடியாகவில்லை.

ஜூலை 13, சனி

மதிய இடைவேளையில் லேப் சிஸ்டத்தில் கோடரியை முடித்து, பென் டிரைவில் கொண்டுவந்து விளையாட்டுக்குள் போட்டேன். ஒன்றும் தெரியவில்லை. துறைமுகம் இருக்கிறது, கடல் இருக்கிறது, ஆள் நிற்கிறான், கையில் எதுவும் இல்லை. எல்லாம் இருட்டிக்கொண்டு வருகிறது. கோடரி ஃபைலைப் போண்டாவுக்கு அனுப்பினேன்.

"மச்சி மேல பாருடா!"

பார்த்தேன். வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு கோடரி நின்றது. பல் வேலையில் எங்களுக்கு எல்லாமே மில்லிமீட்டர். விளையாட்டுக்கு மீட்டர். கோடரி ஆயிரம் மடங்கு வளர்ந்து மேகத்துக்குள் போய்விட்டது.

"எதுலடா செஞ்ச இத? கடவுளுக்கு மரம் வெட்டுறதுக்கா?" என்று அவன் அடிக்க, நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வீடு ஒரு மாதிரி இருந்தது. மிக்ஸியைப் போட்டுத் துவையல் அரைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

அஜின் பேசினான்.

"கம்ப்யூட்டர வித்தாச்சா?"

"ஆளு வந்துட்டுப் போயிருக்காவ."

"ம்."

அவன் ஜாதகத்தில் 'ம்' தவிர எதுவும் எழுதவில்லை. மழை விட்டபாடில்லை, துணி காயவில்லை.

ஜூலை 20, சனி

மானம் போயிற்று. வரிசையில் என் கோடரியை ஒருவர் விடாமல் கண்டுபிடித்துவிட்டார்கள். படம் போட்ட சூட்டோடு. துருவையும் கீறலையும் மெனக்கெட்டு ஒவ்வொன்றாகப் போட்டிருந்தேன். அசல் கோடரிகூட அவ்வளவு அசலாக இருக்காது. அதுதான் தப்பாம்.

போண்டா கோபப்பட்டான். "என்னடா ஆச்சு உனக்கு? நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்த, தள்ளி நின்னு கண்ண இடுக்கிப் பாத்தா மூணு நெறம்தான் தெரியணும்னு. வெளிச்சம் இடது மேலருந்து மட்டும்தான் வரணும்னு. இந்த ஊர்ல நேர் கோடே கெடையாது, எல்லாம் ஒடைஞ்ச கப்பல்லருந்து எடுத்துச் செஞ்சது, எந்த ஆயுதமும் ஒரு தடவையாவது ஒடைஞ்சு ஒட்டினதா இருக்கணும்னு. எல்லாம் மறந்துபோச்சா?"

இதையெல்லாம் அஜினா சொன்னான்? என்னிடம் இவ்வளவு நீளமாக அவன் எதையும் சொன்னதில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். பக்கத்துப் பல் கறையாக இருந்தால் நம் பல்லிலும் அந்தக் கறை வேண்டும். அதை விட்டுவிட்டு நான் உலகத்துக் கறையையெல்லாம் கொண்டுபோய் அப்பியிருக்கிறேன்.

ஜூலை 24, புதன்

அஜினுடைய சாஃப்ட்வேரையே பழகிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் எந்த வடிவமும் சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டித்தான் உருவாகும். ஒரு பல்லுக்கு நாங்கள் செலவழிக்கிற முக்கோணங்களில் நூறில் ஒரு பங்கை வைத்து இவர்கள் ஒரு வாளை முடித்துவிடுகிறார்கள். கஞ்சத்தனத்தில் ஒரு அழகு இருக்கிறது.

ஒரு படகுக் கொக்கி ஆரம்பித்திருக்கிறேன். குளச்சலில் மீன்காரர்கள் படகை இழுக்கிறார்களே, அந்த மாதிரி. வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தால் குக்கர் விசில்கூடக் காதில் விழுவதில்லை. இன்று பருப்பு அடிபிடித்துவிட்டது. ஒருத்திக்குத்தானே, தயிர் ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 27, சனி

போண்டா பட்டுக்கோட்டையில் மாமாவின் மொபைல் கடையில் வேலை பார்க்கிறானாம். கூட்டம் இல்லாத நேரமெல்லாம் பேசுகிறான். நல்ல பையன்தான், வாய்தான் நீளம். இன்று கேட்டான்: "உங்கம்மா இன்னும் அப்படித்தானாடா? தட்டுல சோத்தப் போட்டுட்டு மார்க் கேப்பாங்கன்னு சொல்லுவியே. சோறு எறங்காதுன்னு."

நான் எப்போது அப்படிக் கேட்டேன்? கேட்டிருந்தாலும் என்ன? சாப்பிட உட்காரும்போதுதான் அந்தப் பையன் கையில் கிடைப்பான். மற்ற நேரம் கதவைச் சாத்திக்கொள்வான். வேறு எப்போது கேட்பதாம்?

"இல்ல, இப்ப மாறிட்டாங்க" என்று அடித்தேன்.

"அதிசயம்தான்" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஜெயித்துவிட்டேன்! பன்னிரண்டில் எது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பாதிப் பேர் பழைய துடுப்பைப் போலி என்று பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். என் கொக்கி நல்ல பிள்ளையாக அசல்களின் நடுவே நின்றது. வளைவில் ஒரு விரிசல் வைத்துக் கயிறு சுற்றியிருந்தேன், நிழல் மூன்றே பூச்சு. யாரோ ஒரு பிரேசில்காரர் வணங்குகிற கைகளின் படத்தைப் போட்டிருந்தார். விளையாட்டின் அடுத்த தொகுப்பில் கொக்கி அஜினுடைய பெயரில் வரும்.

சந்தோஷத்தில் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். யாரிடம் சொல்ல? அவரிடம் சொன்னால் கம்ப்யூட்டர் ஏன் இன்னும் வீட்டில் இருக்கிறது என்பார். லேபில் சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒன்றை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் இல்லை. எழுதும்போது கண்ணீர் வருகிறது, அசட்டுத்தனம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அஜினிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனை எடுத்தேன். "மக்களே, ஒரு விசேஷம்" என்றேன்.

"என்ன?"

குரலில் ஏதோ ஒரு ஆர்வம் இருந்தது. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "டெஸ்ட்ல எவ்வளவு?"

வாய் தன்னால் போகிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

இதை எப்படி எழுத.

போண்டா இன்று கடையில் சும்மா இருந்தான். கொக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் சாதாரணமாக அடித்தான்: "இப்ப நீ நல்லாருக்கடா. சந்தோஷமா இருக்கு. ஆனா மறுபடி மே மாசம் மாதிரி மனசு போச்சுன்னா நேரம் பாக்காம கூப்புடு. பாலத்துக்கெல்லாம் தனியாப் போகாத. சத்தியம் பண்ணிருக்க."

எந்தப் பாலம் என்று நான் கேட்கக்கூடாது. நான் அஜின், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனே மேலும் அடித்தான்: "அன்னிக்கு நீ போன எடுக்காம இருந்திருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்னு இன்னும் நெனப்பேன்டா."

நீட் பரீட்சைக்கு முந்தின வாரம் அது. அஜின் மாலை மாடல் டெஸ்டுக்குப் போகவில்லை என்று கோச்சிங் சென்டரிலிருந்து எனக்குச் செய்தி வந்தது. இருட்டும் நேரத்தில் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். "எங்கடே சுத்திட்டு வாற?" என்று கேட்டேன். "குழித்துறை ஆத்துப் பாலம் வரை போனேன்" என்றான். பாலத்தில் உனக்கு என்ன வேலை, பரீட்சையை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாயா என்று கத்தினேன். துண்டை எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் என்னிடம் சொல்லத்தான் செய்திருக்கிறான்.

திரையில் போண்டா, "என்னடா, இருக்கியா?" என்று மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தான். இனி அந்தப் பெயரில் ஓர் எழுத்தும் அடிக்க முடியாது என்று தோன்றியது.

"தம்பி, நான் அஜின் இல்லை. அவனோட அம்மா."

"வெளையாடாத மச்சி."

"இல்ல தம்பி. ஒரு மாசமா நான்தான்."

"அஜின் எங்க?"

"நாமக்கல்ல. ஹாஸ்டல்ல."

"போன்?"

"அங்க போன் வைக்க விடமாட்டாங்க."

அதற்கு மேல் அவன் அடிக்கவில்லை. கம்ப்யூட்டரிலேயே கூப்பிட்டான். குரல் இன்னும் சின்னப் பையன் குரல்தான். "ஆன்ட்டி, அவன் ஒரு மாசமா நல்லாருக்கான்னு நெனச்சு நான் நிம்மதியா தூங்கிட்டிருந்தேன். அவன்கிட்ட பேச அங்க யார் இருக்கா? சொல்லுங்க, யார் இருக்கா?" அழுதுவிட்டான். கடையில் யாரோ என்னவென்று கேட்பது கேட்டது. "போய்ப் பாருங்க ஆன்ட்டி. திட்டாம போய்ப் பாருங்க."

அவருக்குப் போன் செய்து சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "ஹாஸ்டல்ல நல்லாத்தானே இருக்கான், இப்ப போய்க் கிளறாத, ஒரு வருசம் வீணாயிரும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விடிந்ததும் பஸ் ஏறினேன். மதுரை தாண்டும்வரை கையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. ஹாஸ்டல் மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். "விசிட்டிங் ரெண்டாவது ஞாயிறு மட்டும்தானுங்க. நாளன்னிக்கி வந்தீங்கன்னா பாத்துக்கலாமுங்க. பையன் நல்லாத்தானுங்க இருக்கான்."

"எனக்க மவன இப்ப எனக்குப் பாக்கணும்" என்றேன். எப்படிச் சொன்னேனோ, ஆள் எழுந்துவிட்டார்.

அஜின் மெலிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அப்பாக்கு எதாவதா?" என்றுதான். எதிரே இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். தேங்காய் பன் வாங்கி வைத்தேன். அவன் தொடவில்லை.

"போண்டா எல்லாம் சொன்னான் மக்களே. பாலத்துக்குப் போனது."

அவன் முகம் வெளுத்தது. "போண்டாவ ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். கோடரி, வரிசை, கொக்கி, எல்லாம். சொல்லச்சொல்ல அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான்.

"எனக்க பேர்ல நீ பேசினியா? ஒரு மாசமா?"

"ஒனக்க நல்லதுக்குன்னு..."

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டியாம்மா?"

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். திட்டாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. பதில் இல்லாத நேரங்களில் நான் எப்போதும் திட்டித்தான் பழக்கம்.

"வீட்டுக்கு வா."

"என்னத்துக்கு? அடுத்த வருசம் வேற ஹாஸ்டல்ல போடவா?"

"போடமாட்டேன்."

"அப்பா?"

"அப்பா மஸ்கட்ல இருக்காவ. நான்தான் இங்க இருக்கேன்."

"டாக்டராவணும்னு சொன்னதே நீதான்."

"ஆமா. நான்தான் சொன்னேன். இப்ப ஒனக்க பெட்டிய எடுன்னும் நான்தான் சொல்லுதேன்."

எழுந்து ஹாஸ்டலுக்குள் போனான். திரும்பி வருவானா என்று தெரியாமல் நின்ற நேரம் இருக்கிறதே, அதை இங்கே எழுத மாட்டேன். பெட்டியோடு வந்தான்.

ஆகஸ்ட் 17, சனி

அஜினை நாகர்கோவிலில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவரிடம் பேசுகிறானாம். நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளிருந்து குரல் மட்டும் கேட்கும், வார்த்தை கேட்காது. என்ன பேசினாய் என்று நான் கேட்பதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டுதான்.

மஸ்கட்டிலிருந்து அவர் தினமும் போன் செய்கிறார். நேற்று என்னிடம் கேட்டார், "அவன் தூங்குதானா?" மார்க் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

என்னிடம் இன்னும் 'ம்' தான்.

ஆகஸ்ட் 24, சனி

கொக்கி போய்விட்டது. அந்தக் கொக்கி தன்னுடையது இல்லை, தன் பெயரில் வேறொருவர் போட்டது என்று அஜின் அங்கே எழுதிவிட்டான். விதிப்படி எடுத்துவிட்டார்கள். காபி கொண்டுபோனபோது திரையைப் பார்க்காமலே என்னிடம் சொன்னான். "நல்ல வேலைதான். ஆனா என்னுது இல்ல."

"நல்ல வேலைன்னா சொன்ன?"

"ம்."

வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. அவ்வளவு ராத்திரி பகலாகச் செய்தது. லேபில் இன்று ஒரு கடைவாய்ப் பல்லை இரண்டு தடவை தப்பாக முடித்தேன். ஆனால் அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆகஸ்ட் 28, புதன்

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறான். போடட்டும்.

வேலை முடிந்து வந்தால் மாலை முழுக்க எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. போண்டாவும் இனி என்னோடு எதற்குப் பேசப்போகிறான். இப்போது வீட்டில் இரண்டு பேர். போன மாதம் ஒருத்தியாக இருந்தபோது இவ்வளவு தனியாக இல்லை. இப்படி எழுதுவது நன்றிகெட்டதனம்தான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அஜினுடைய கதவு சாத்தியிருந்தது. உள்ளே போண்டாவோடு பேசிக்கொண்டிருந்தான். திடீரென்று சிரித்தான். சின்னச் சிரிப்பு இல்லை, மூச்சு முட்டுகிற சிரிப்பு. "டேய், நிறுத்துடே, செத்துருவேன்டே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

குழாயை மூடினேன். கைகளில் மீன் செதில் அப்படியே இருக்க, கதவுக்கு வெளியே நின்றேன். என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரியாது, என்னை வைத்துத்தான் சிரிக்கிறார்களோ என்னவோ. நான் தட்டவில்லை. அவன் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.